வான்தீவைக் காக்கும் கான்கிரீட்

கட்டடம் எழும்பும் இடத்திலேயே சாரம் கட்டிப் பலகை அடைத்து ஊற்றாமல், வேறொரு தளத்தில் இரும்பு அச்சில் வார்த்து, நாள் கணக்கில் ஈரம் காயாமல் நீராற்றி, போதிய வலிமை பெற்றபின் கிரேனால் தூக்கிவைக்கப்படும் உறுப்புகளே முன்வார்ப்புக் கான்கிரீட் எனப்படுகின்றன. ஒரே அளவுள்ள இருக்கைப் படிகள் பெருந்தொகையாகத் தேவைப்படும் விளையாட்டரங்க விரிவாக்கங்களுக்கு இம்முறை பெரிதும் கைகொடுக்கிறது. 2020இல் திறக்கப்பட்ட அகமதாபாத் மொட்டேரா அரங்கிலும் இது விரிவாகக் கையாளப்பட்டது. தூத்துக்குடிக் கரையில் இதே தொழில்நுட்பம் ஒரு தீவைக் காக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டுள்ளது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் தூத்துக்குடிக்கு அருகிலுள்ளது வான்தீவு. 1986இல் சுமார் 16 ஹெக்டேராக இருந்த அதன் பரப்பு, 2014இல் ஏறத்தாழ 2 ஹெக்டேராகக் குறுகியது. இத்தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காகவும் சிமெண்டு ஆலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டதால், அலையின் வேகத்தைத் தணித்துவந்த இயற்கை அரண் சிதைந்து, மணல் அரிக்கப்பட்டது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கியே விட்டன. தடுத்திருக்கக்கூடிய இழப்பு இது என்பதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்ற மீட்புத் திட்டத்தில், 2015 முதல் 2022 வரை சுமார் 10,600 கான்கிரீட் கூடுகள் தீவின் கடற்புறத்தில் இறக்கப்பட்டன. அடி அகன்று தலை குறுகிய சரிவக வடிவமும், பக்கங்களில் துளைகளும் கொண்டவை அவை. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், உயரம் பாதியானாலே ஆற்றல் கால்பங்காகிவிடும். ஆகவே, அலையை முற்றிலும் மறிக்காமல், நீருக்குள் நின்று உடைத்துவிட்டாலே போதும். தூத்துக்குடித் துறைமுகத்தின் இரு அலைத்தடுப்புகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லால் எழுப்பப்பட்டு, கப்பல்களுக்கு அமைதியான நீர்ப்பரப்பைத் தருகின்றன. தீவின் தேவையோ வேறு: அலை தணியவும் வேண்டும், நீரோட்டம் நிற்காமல் மீனும் பவளமும் வாழவும் வேண்டும். துளைகள் நீரை ஊடுருவ விட்டு அலையழுத்தத்தைக் குறைப்பதோடு, மீன்களுக்குப் புகலிடமும் ஆகின்றன.

கடலில் கான்கிரீட்டுக்குப் பகை உப்பின் குளோரைடு. அது நுண்துளைகள் வழியே உட்சென்று கம்பியைத் துருவேற்ற, துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. இதனால்தான் கடல்நீரில் நிற்கும் கம்பியிட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரம், அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் அழுத்தம் தாங்கும் வலிமை, வேண்டும் என்று இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 கூறுகிறது. கரையில் வார்க்கும்போது கலவையின் நீரளவையும் கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனத்தையும் நீராற்றலையும் கண்ணெதிரே சரிபார்க்கலாம். அலையடிக்கும் நீரில் அது இயலாத காரியம். தூக்கும் வேளையும் கவனிக்கத்தக்கது: தரையில் அமர்ந்தபின் அழுத்தம் மட்டுமே தாங்கும் உறுப்பு, கொக்கியில் தொங்கும்போது வளைவையும் இழுவையையும் தாங்க நேர்வதால், அதற்கென்றே கம்பி அமைக்க வேண்டியுள்ளது. அரங்கப் படிகள் சாந்திட்டுப் பிணைக்கப்படுவன. கடற்கூடுகளோ தம் எடையாலும் அகன்ற அடியாலுமே நிலைத்திருக்க வேண்டியவை.

கூடுகளால் இன்னொரு பயனும் உண்டு. முத்துச்சிப்பி மணலில் வேரூன்றாது. தன் நூலிழைகளால் கடினப் பரப்பைப் பற்றியே வளர்வதால்தான், இக்கரையின் முத்துக்குளிப்பு பார்கள் எனப்படும் பாறைத்திட்டுகளை நம்பியிருந்தது. பவளத்தின் இளநிலைகளுக்கும் அத்தகைய பரப்பு தேவை. அதைக் கூடுகள் தருகின்றன. எனினும் 2010இலும் 2016இலும் நீர் வெப்பம் மிகுந்து இவ்வளைகுடாவின் பவளங்கள் வெளிறியதைக் கான்கிரீட்டால் தடுக்க முடியாது. அலையின் வேகத்தைத் தணித்து, பவளம் பற்றிக்கொள்ள இடம் தருவதே அதனால் ஆகக்கூடியது.