கிளிக் செய்வதற்கு முன் மூன்று கேள்விகள்

கிணத்துக்கடவு மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம் செய்யும் என் பக்கத்து வீட்டுக்காரர், மகளின் கல்லூரிப் படிப்புக்காக ஒரு லேப்டாப் வாங்கினார். வாங்கிய மூன்றாம் வாரம், ஒரு ராத்திரி அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, வருமான வரி ஆபீசுல இருந்து ரீஃபண்ட் 18,640 ரூவான்னு மெயில் வந்திருக்குதுங்க. இந்த பட்டனை அமுக்குனா போதுங்களா?"

தக்காளி விலை விழுந்து கிடந்த மாதம் அது. பணம் தேவைப்பட்ட நேரத்தில் பணம் வருகிறது என்று மெயில் வந்தால், நம்பத்தான் தோன்றும். இந்த மோசடிக்கு பிஷிங் என்று பெயர். தூண்டில் போட்டு மீன் பிடிப்பது போன்ற வேலை. மோசடிக்காரர் பூட்டை உடைப்பதில்லை. நம் கையாலேயே கதவைத் திறக்க வைக்கிறார்.

2007-ல் வளைகுடாவில் வேலை பார்த்த தமிழர் ஒருவருக்கு, அவருடைய வங்கி அனுப்பியது போலவே ஒரு இமெயில் வந்தது. இன்டர்நெட் பேங்கிங் யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்டிருந்தது. அவரும் பதில் அனுப்பினார். ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடி கிளைக் கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய் போய்விட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் அவர் கொடுத்த புகாரை விசாரித்த தமிழ்நாட்டின் தீர்ப்பு அதிகாரி, வங்கி அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2010 ஏப்ரலில் உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீடு செய்தது. ஒரு மெயிலுக்குப் பதில் போட்டதற்கு, முதல் தீர்ப்பு வரவே இரண்டரை ஆண்டுகள் ஆகின.

எனவே எந்த மெயில் வந்தாலும், கிளிக் செய்வதற்கு முன் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. அனுப்பியது யார்?

மெயிலில் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயர் மீது கிளிக் செய்து முழு முகவரியைப் பாருங்கள். வருமான வரித் துறை பெயரில் வந்த மெயிலின் முகவரி ஜிமெயில் டாட் காம் என்று முடிந்தால், அது போலி. முகவரி சரியாக இருந்தாலும் முழுதாக நம்பிவிட வேண்டாம். அதையும் போலியாகக் காட்ட முடியும்.

2. லிங்க் எங்கே போகிறது?

மவுஸ் பாயிண்டரை லிங்க் மீது வைத்திடுங்கள்; கிளிக் செய்ய வேண்டாம். பிரவுசரின் கீழ் மூலையில் உண்மையான முகவரி தெரியும். அதில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் எப்படி முடிகிறது என்று பாருங்கள். உக்கடத்தில் நிற்கும் பஸ் போர்டில் வழியில் உள்ள ஊர்களின் பெயர் எத்தனை இருந்தாலும், பஸ் போய்ச் சேருவது கடைசி ஊருக்குத்தான். இதுவும் அப்படியே. இடையில் இன்கம்டாக்ஸ் என்று இருப்பதால் பயனில்லை. ஜிஓவி டாட் இன் என்று முடிய வேண்டும். வங்கிகளுக்கு இது இன்னும் எளிது. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் தங்கள் இணையதளங்களை 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

3. இணைப்பு என்ன வகை ஃபைல்?

2000 மே மாதம் உலகையே ஆட்டிய 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் அட்டாச்மெண்ட்டாக வந்தது. ஃபைல் பெயர் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ் என்று முடிந்தது. கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்துவிட, பலரும் அதைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் என்று நினைத்துத் திறந்தார்கள். இன்றும் விண்டோஸ் அப்படித்தான் மறைக்கிறது. விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று தேர்ந்தெடுத்திடுங்கள். இஎக்ஸ்இ, விபிஎஸ், ஜேஎஸ், எஸ்சிஆர் என்று முடியும் ஃபைல் மெயிலில் வந்தால் திறக்க வேண்டாம்.

கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு

2017 மே மாதம் பரவிய 'வான்னாக்ரை', யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எனவே விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். பழைய கம்ப்யூட்டர் வாங்குவோர் கவனிக்க: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆண்ட்டி வைரஸ் இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து அது இயங்குகிறதா என்று பாருங்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று இணையப் பக்கங்களில் துள்ளி வரும் அறிவிப்புகளை நம்பி எதையும் இறக்கிக்கொள்ளாதீர்கள். முக்கியமான போட்டோக்களையும் கணக்குகளையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து, உடனே கழற்றி வைத்திடுங்கள்.

தெரியாமல் கிளிக் செய்துவிட்டால்?

இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு, உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் தரலாம். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டால், பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் மவுஸை லிங்க் மீது வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஜிஓவி டாட் இன் என்று முடியவில்லை. பிறகு வருமான வரித் தளத்தின் முகவரியை அவரே டைப் செய்து உள்ளே போய்ப் பார்த்தார். ரீஃபண்ட் எதுவும் இல்லை. உண்மையான ரீஃபண்ட், தளத்தில் நாம் பதிவு செய்த வங்கிக் கணக்குக்கு நேராக வந்துவிடும்; அதற்கு எந்தப் பட்டனையும் அமுக்க வேண்டியதில்லை. மெயிலை அழித்துவிட்டு, "நல்லவேளைங்க, உங்களைக் கேட்டேன்" என்றார். இப்போது மகளுக்கு அவரே சொல்லித் தருகிறார்.