பூதத்திடம் ‘வேண்டாம், நன்றி’ சொல்லலாம், தெரியுமா?

அக்டோபர் 31, ஹாலோவீன் ராத்திரி. அமெரிக்காவில் ஏதோ ஒரு வீடு. பிள்ளைகள் தெருத்தெருவாகப் போய் மிட்டாய் வாங்கித் திரும்பியாயிற்று. எலும்புக்கூடு வேஷம் போட்டவன் பாதி முகத்தைக் கழுவிவிட்டான். சூனியக்காரிக்குத் தொப்பி கண்ணை மறைக்கிறது. இப்போது போய்த் தூங்கு என்றால் யார் கேட்பார்கள்? அப்பா சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நாலைந்து பகடைகளை எடுத்துப் போடுகிறார். “உங்க முன்னால ஒரு பாழடைஞ்ச பங்களா. கதவு தானாத் திறக்குது. என்ன பண்ணப் போறீங்க?”

அவ்வளவுதான், ஆட்டம் தொடங்கிவிட்டது! பலகை வேண்டாம், திரை வேண்டாம், மின்சாரம் போனால் இன்னும் நல்லது. பாட்டி கதை சொன்னபோது நாம் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தோம், இல்லையா? இங்கே ‘ம்’ கொட்டுகிற பிள்ளையே கதைக்குள் குதித்துவிடலாம். கதவுக்குள் நுழைவதா, ஜன்னலில் எட்டிப் பார்ப்பதா, எடுத்தேன் ஓட்டம் என்று ஓடுவதா? முடிவு பிள்ளையுடையது. அது பலித்ததா என்று சொல்வது பகடை. டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது இதுதான். இந்த ஆட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஆச்சரியங்களைக் கேட்டால் தூக்கம் போய்விடும்!

முதலில் தாய் ஆட்டம். டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் முதலில் போட்டது 1,000 பெட்டிகள்தான். பெட்டி விலை 10 டாலர். அச்சாகி வந்த சிறு புத்தகங்களைப் பெட்டிக்குள் அடுக்கியது எங்கே? கைகாக்ஸ் வீட்டில், கையால்!

அந்த ஆட்டத்தின் பூதங்கள் சில எங்கிருந்து பிறந்தன, தெரியுமா? புராணத்திலிருந்து இல்லை, கனவிலிருந்தும் இல்லை. சில்லறைக் கடையில் பையாகக் கட்டித் தொங்கும் மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளிலிருந்து! ஹாங்காங்கில் செய்து வந்தவை. ‘டைனோசர்’ என்று சொல்லி விற்றார்கள், ஆனால் பூமியில் எந்தக் காலத்திலும் அப்படி ஒரு பிராணி நடமாடியதில்லை. வாலில் விசிறி மாதிரி ஒன்று, முதுகில் ஓடு மாதிரி ஒன்று, என்னவென்றே சொல்ல முடியாத மூக்கு. கைகாக்ஸ் அவற்றை வாங்கி மேசைமேல் நிறுத்தினார். நிறுத்திய பிறகு பெயரும் குணமும் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஒன்று ஆந்தைக்கரடி ஆயிற்று. ஒன்று மண்ணுக்குள் சுறாபோல நீந்திவரும் புலெட் ஆயிற்று. இன்னொன்று இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர். எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவதுதான். ஆளைக் கடிக்காது, குதறாது. ஆனால் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை இரும்புக் கவசம் பூண்ட மகாவீரன் இதைக் கண்டால் கவசத்தைக் கழற்றி வீசிவிட்டு உள்ளாடையோடு ஓடுவான்! வெறுங்கையோடு நிற்கிற சிறுமிக்கோ பயப்பட ஒன்றுமே இல்லை. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பூதம் உண்டா?

பகடையின் கதை தனிக் கதை. தாயக்கட்டைக்கு நாலு பக்கம், சாதாரணப் பகடைக்கு ஆறு. இந்த ஆட்டத்துக்கோ நாலு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள்! கைகாக்ஸுக்கு இவை அகப்பட்டது பள்ளிக்கூடச் சாமான்கள் விற்கும் பட்டியல் ஒன்றில். கணக்கு வாத்தியாருக்கு என்று செய்ததைப் பூதவேட்டைக்குத் திருப்பிவிட்டார். சரி, இருபது முகப் பகடை அவர் காலத்துப் புதுமைதானா? நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். எகிப்திலிருந்து வந்த இருபது முகப் பகடை அங்கே இருக்கிறது. முகத்துக்கு ஒரு கிரேக்க எழுத்து. வயதோ, குறைத்துச் சொன்னாலே 1,600 ஆண்டுகள்!

இனி ஹாலோவீனுக்கே வருவோம். ஹாலோவீன் ராத்திரியிலேயே பிறந்து வளர்ந்த கதைக்களம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? பெயர் ரேவன்லாஃப்ட். டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் என்ற கணவன் மனைவி எழுதியது. ஆரம்பம் ஒரு எரிச்சல்தான். யாரோ நடத்திய ஆட்டத்தில் டிரேசி போய்க்கொண்டிருக்கிறார். குகை, அறை, பூதம், அடுத்த அறை, அடுத்த பூதம். திடீரென்று ஒரு மூலையில் ரத்தக்காட்டேரி! இது இங்கே என்ன செய்கிறது? யாருக்காகக் காத்திருக்கிறது? கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியோடு உட்கார்ந்தார். காட்டேரிக்கு ஒரு பெயர், ஒரு கோட்டை, ஒரு தோற்ற காதல், ஒரு பழைய பாவம், எல்லாம் பிறந்தன. ஸ்ட்ராட் வான் ஸரோவிச் பிரபு எழுந்து நின்றார்.

எழுதியதை உடனே அச்சுக்கு அனுப்பவில்லை. ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் நண்பர்களைக் கூட்டி ஆடிப் பார்த்தார்கள், ஆண்டுக்கணக்காக! ‘வாம்பைர்’ என்றுதான் தலைப்பு வைத்திருந்தார்களாம். நண்பர்களோ வருஷா வருஷம் “அந்த ரேவன்லாஃப்ட் ஆட்டம் ஆடலாமா?” என்று கோட்டையின் பெயரையே சொல்லிக் கேட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. 1983-இல் அச்சேறியது. பக்கங்கள் எத்தனை? வெறும் 32!

அதில் ஒரு தந்திரம் இருக்கிறது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும். கதைக்குள் குறி சொல்லும் கிழவி ஒருத்தி வருவாள். அவள் சீட்டு எடுப்பாள். அப்போது ஆட்டத்தை நடத்துபவர் மேசைமேல் நிஜச் சீட்டுக்கட்டைக் குலுக்கி எடுக்க வேண்டும்! காட்டேரி எங்கே பதுங்கியிருக்கிறது, அதை வீழ்த்தும் வாள் கோட்டையில் எந்த அறையில் கிடக்கிறது, இம்முறை காட்டேரியின் நோக்கம்தான் என்ன, எல்லாம் அந்தச் சீட்டில் தெரியும். போன ஹாலோவீனில் ஆடியவனுக்கும் இந்த ஹாலோவீனில் விடை தெரியாது. கதை நடத்துகிறவருக்கே சீட்டு விழும்வரை தெரியாது! வேதாளம் கதை சொல்ல, விக்கிரமனுக்கு மட்டுமில்லை, வேதாளத்துக்கே முடிவு தெரியாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி. காட்டேரியும் சாவும் கலந்த கதை என்பதால் மீசை அரும்புகிற வயதுக்குத்தான் இது பொருந்தும். ஆறு வயசுக்குக் கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்க விளக்கை அணைக்க முடியாமல் தவிக்காதீர்கள்.

ஆறு வயசுக்கென்றே வேறு ஆட்டம் இருக்கிறது! பெயரைக் கேளுங்கள்: ‘நோ தேங்க் யூ, ஈவில்!’ ஷானா ஜெர்மைன், மான்டி குக் செய்தது. ஐந்து வயசு முதல் ஆடலாம். பாத்திரம் உருவாக்க ஒரு வாக்கியம் போதும். சின்னக் குழந்தைக்கு ஒரே பெயர்ச்சொல்: “நான் இளவரசி.” கொஞ்சம் பெரியவளுக்கு ஒரு அடைமொழி: “நான் துணிச்சலான இளவரசி.” இன்னும் பெரியவளுக்கு ஒரு வினையும் சேரும்: “நான் புத்தகம் படிக்கிற துணிச்சலான இளவரசி.” அக்காவும் தம்பியும் ஒரே மேசையில், அவரவர் இலக்கணத்துக்குத் தக்கபடி ஆடலாம்! போகிற ஊர்களோ கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு உள்ளே, புத்தக அடுக்குக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே. குழந்தைகள் ராத்திரியில் எந்த இடங்களைப் பார்க்கப் பயப்படுவார்களோ அதே இடங்கள்! பயம் கூடிவிட்டால்? ஆட்டத்தின் பெயரையே சொன்னால் போதும். “தீயவனே, வேண்டாம், நன்றி!” நடத்துகிறவர் காட்சியை மாற்றியாக வேண்டும். இவ்வளவு மரியாதையாகப் பூதத்தை விரட்ட யாருக்காவது தோன்றியிருக்கிறதா?

பெரியவர்களின் மேசையிலும் இதற்கு ஒரு சகோதரி உண்டு. ஒரு அட்டையில் பெரிதாக எக்ஸ் என்று எழுதி நடுவில் வைத்துவிடுவார்கள். ஜான் ஸ்டாவ்ரோபுலஸ் சொன்ன வழி. பிடிக்காத காட்சி வந்தால் அட்டையைத் தொட்டால் சரி, காட்சி விலகும். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது.

பகடையே இல்லாத பேய் ஆட்டம் தெரியுமா? ‘டிரெட்’, 2005. பகடைக்குப் பதில் ஜெங்கா கோபுரம்! 54 மரக்கட்டைகள், அடுக்குக்கு மூன்றாக 18 அடுக்கு. இருட்டில் படியேற வேண்டுமா? ஒரு கட்டையை உருவி மேலே வை. பூட்டைத் திறக்க வேண்டுமா? இன்னொன்று. கோபுரம் ஆட ஆட, கதையில் நடப்பதற்கும் மேசையில் நடப்பதற்கும் வித்தியாசமே போய்விடும். கை நடுங்கும், அறையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். யார் கையில் சரிகிறதோ அவர் பாத்திரம் கதையைவிட்டுப் போகிறது. சாக வேண்டும் என்று கட்டாயமில்லை; அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடிவிட்டான் என்றாலும் கணக்குச் சரி. பிள்ளைகளோடு ஆடுகிறவர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே கோபுரத்தைத் தள்ளிவிடவும் வழி இருக்கிறது. தன்னைக் கொடுத்து மற்றவரைக் காப்பாற்றும் தியாகம் அது! இடையில் ஒரு சங்கதி: ஜெங்கா என்ற பெயர் சுவாஹிலி மொழியில் ‘கட்டு’ என்ற வினையிலிருந்து வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வளர்ந்த லெஸ்லி ஸ்காட் 1983-இல் லண்டன் பொம்மைக் கண்காட்சியில் அதை அறிமுகம் செய்தார். ரேவன்லாஃப்ட் வந்த அதே ஆண்டு!

மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், இன்னும் இருக்கிறது. 1986-இல் வந்த கோஸ்ட்பஸ்டர்ஸ் ஆட்டத்தில் ஒரு பகடையில் ஆறுக்குப் பதில் பேய்ப் படம். நீங்கள் ஜெயித்தாலும் பேய் விழுந்தால் ஏதாவது ஒரு கூத்து நடந்தே தீரும். ‘கிட்ஸ் ஆன் பைக்ஸ்’ ஆட்டத்தில், விசித்திர சக்தியுள்ள ஒரு பாத்திரத்தை எல்லாரும் சேர்ந்தே நடத்துவார்கள். ‘டூன்’ ஆட்டத்தில் சாவே கிடையாது. அடி வாங்கினால் மூன்று நிமிஷம் விழுந்து கிட, பிறகு எழுந்து வா!

ஸ்வீடன்காரர்களின் ‘டேல்ஸ் ஃப்ரம் த லூப்’பில் ஒரு கணக்கைப் பாருங்கள். சைமன் ஸ்டோலன்ஹாக்கின் ஓவியங்களிலிருந்து பிறந்த ஆட்டம். பாத்திரங்களுக்குப் பத்திலிருந்து பதினைந்து வயசு. எத்தனை வயசோ அத்தனை திறமைப் புள்ளி. பதினைந்தில் வயசைக் கழித்தால் மிச்சம் அதிர்ஷ்டப் புள்ளி. பத்து வயசுப் பொடியனுக்குத் திறமை குறைவு, அதிர்ஷ்டம் ஐந்து! பதினைந்துக்காரனுக்கு எல்லாம் தெரியும், அதிர்ஷ்டம் பூஜ்யம்! வளர்வதைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை. இந்த ஆட்டத்தில் பிள்ளைகள் சாகமாட்டார்கள். விதியே அப்படி.

இந்த வகை ஆட்டங்களைக் கண்டு ஒரு காலத்தில் அமெரிக்கப் பெற்றோர் நடுங்கினார்கள் என்றால் நம்புவீர்களா? 1980-களில் இது சாத்தான் வேலை என்று பெரிய கூச்சல். 1982-இல், ஆட்டத்தில் மூழ்கிப் புத்தி பேதலிக்கும் இளைஞனைப் பற்றி ஒரு தொலைக்காட்சிப் படமே வந்தது. அந்த இளைஞன் யார், தெரியுமா? டாம் ஹாங்க்ஸ்!

செலவு என்று பார்த்தால், வாங்கிவந்த மிட்டாய்களையே பூதங்களாக மேசையில் நிறுத்தலாம். வீழ்த்தியவருக்கே அது. சாக்லேட் பூதத்தோடு ஒருவரும் சமாதானம் பேசமாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

கடைசியாக ஒன்று, பிள்ளைகள் தூங்கிய பிறகு. ஸ்டீபன் டூயி எழுதிய ‘டென் கேண்டில்ஸ்’, 2015. மேசையில் பத்து மெழுகுவத்திகள், அறையில் வேறு வெளிச்சம் கிடையாது. அணைந்ததை மறுபடி ஏற்றக்கூடாது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் குரலில் ஒரு செய்தியைப் பதிவு செய்து வைப்பார்கள். ஒவ்வொன்றாக அணைந்து பத்தாவது மெழுகுவத்தியும் போகும்போது கதையில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அந்தக் கும்மிருட்டில், யாரும் பேசாமல், பதிவை ஓடவிடுவார்கள்.