பசித்தால் பிரெஞ்சில் என்ன சொல்வது?

நெல்லையில் பிரெஞ்சு படிப்பவர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வாசல் வழியாகத்தான் அதற்குள் போகிறார். இடப்பக்கம் பிரெஞ்சு வினை, வலப்பக்கம் ஆங்கிலப் பொருள். வினைகளைப் பொறுத்தவரை இது சில இடங்களில் வீண் சுற்று. தமிழிலிருந்து நேராகவே போய்விடலாம்.

‘ஜே ஃபேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஹங்ரி’ என்று எழுதியிருக்கும். (‘ஃபேன்’ என்பதன் கடைசி ‘ன்’ மூக்கில் மட்டும் ஒலிக்க வேண்டும்.) ஆனால் ‘ஆம்’ என்பதற்கு இணையான ‘எத்ர்’ என்ற பிரெஞ்சு வினையே அந்த வாக்கியத்தில் இல்லை. இருப்பது ‘அவ்வார்’, உடைமையைக் காட்டும் வினை. ‘எனக்குப் பசி உண்டு’ என்கிறார் பிரெஞ்சுக்காரர். தாகம், பயம், தூக்கம், குளிர், வயது எல்லாமே அவருக்கு ‘உண்டு’தான். ‘எனக்கு இருபது வயது’ என்று சொல்லும் நமக்கு இதில் வியப்பில்லை. ஆங்கிலத்தை நம்பி, சித்திரை வெக்கையில் ‘ஜ ஸ்வி ஷோ’ என்று ‘எத்ர்’ வினையைப் போட்டுவிட்டால் எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார். காரணத்தை வகுப்பில் சொல்ல மாட்டார்கள். ‘ஜே ஷோ’ என்பதே சரி.

மரியாதையும் அப்படித்தான். ஆங்கிலத்துக்கு ஒரே ‘யூ’. பிரெஞ்சில் நண்பனிடம் ‘து வா’, பெரியவரிடம் ‘வூஸ் அலே’. வினையின் வடிவமே மாறுகிறது. ‘எங்கல போற?’ என்பதற்கும் ‘எங்க போறிய?’ என்பதற்கும் உள்ள தூரம் தெரிந்த ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் ‘பேசினேன்’ என்றாலே பேசியது யாரென்று தெரியும். பிரெஞ்சில் நான், நீ, அவன், அவர்கள் நால்வருக்கும் ‘பார்ல்’ என்ற நிகழ்கால வினை எழுத்தில் மாறினாலும் காதுக்கு ஒன்றுதான். அதனால் எழுவாயை விட முடியாது.

ராதாபுரம் பக்கத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர். இப்படி மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல.

பிரெஞ்சு வினைகளுக்குத் திரும்பினால், ‘ஜ வே மாஞ்ஜே’ அச்சு அசலாக ‘சாப்பிடப் போகிறேன்’. ‘இல் ம ஃபோ’ என்றால் ‘எனக்கு வேண்டும்’. ‘எனக்கு’ கூட அப்படியே இருக்கிறது. ஆனால் ‘ஜ வியேன் த மாஞ்ஜே’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘சாப்பிடுவதிலிருந்து வருகிறேன்’ என்று வரும். பொருளோ ‘இப்பத்தான் சாப்பிட்டேன்’. இங்கே தமிழும் கைகொடுக்காது, ஆங்கிலமும் கைகொடுக்காது; மனப்பாடம்தான்.