தொலைவிலிருந்து தோல் சிகிச்சை: மருத்துவர்கள் தயங்குவது ஏன்?

தோல்நோய் கண்ணுக்கு வெளிப்படையாகத் தெரிவது. எனவே, கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினாலே உரிய மருந்து கிடைத்துவிடும் எனப் பலரும் எண்ணுகின்றனர். தோல்நோய் மருத்துவர்கள் இதனை முற்றாக மறுப்பதில்லை. எல்லா நோய்க்கும் ஏற்பதுமில்லை.

2020 மார்ச் 25 அன்று வெளியான மத்திய அரசின் தொலைமருத்துவ நெறிமுறைகள், பதிவுபெற்ற மருத்துவர்கள் தொலைபேசி, காணொளி, செய்திச் செயலி வழியாக ஆலோசனை வழங்க அனுமதிக்கின்றன. நோயாளி நேரில் வரவேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நேரடிச் சிகிச்சைக்குரிய அதே தொழில்நெறிப் பொறுப்பு இதற்கும் உண்டு. அவர்களது கவனத்திற்கு இதுவே காரணம்.

முகப்பரு, முடி உதிர்தல், ஏற்கெனவே கண்டறியப்பட்ட சொரியாசிஸ் போன்றவற்றில் தொடர் ஆலோசனைக்குப் பெரும்பாலும் தடையில்லை. ஒரே நோய்க்காக நேரில் பார்த்த 6 மாதங்களுக்குள் நடைபெறுவதையே நெறிமுறைகள் தொடர் ஆலோசனை என்கின்றன. இதனால் நோயாளிக்குப் பயணச் செலவும் ஒருநாள் ஊதியமும் மிச்சமாகும்.

தோலில் தோன்றும் வெளிறிய திட்டின் நிலை வேறு. அது சாதாரணத் தேமலாக இருக்கலாம். தொழுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். அவ்விடத்தில் உணர்ச்சி உள்ளதா, நரம்பு தடித்துள்ளதா என்பதைத் தொட்டுப் பார்த்தே அறிய முடியும். படம் அதனைக் காட்டாது. நிறமோ அளவோ மாறும் மச்சம், காய்ச்சலுடன் கூடிய கொப்புளங்கள், வாயிலும் கண்ணிலும் புண் ஆகியவற்றுக்கும் நேரடிப் பரிசோதனை அவசியம்.

மற்றொரு தடை, தாமாகவே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு. படர்தாமரையில் பூசினால் அரிப்பும் சிவப்பும் தணியும். பூஞ்சையோ மேலும் பரவும். நோயின் வடிவமே மாறிவிடுவதால் படத்தைப் பார்ப்பவர் ஏமாற நேரிடும். 2018இல் இத்தகைய களிம்புகள் பலவற்றை, மருந்துச்சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. ஆகவே, இதுவரை பூசிய மருந்துகள் அனைத்தையும் மறையாது கூறுங்கள். பகல் வெளிச்சத்தில், அழகூட்டும் வசதிகளை நீக்கி, சற்றுத் தொலைவிலிருந்து ஒன்றும் அருகிலிருந்து ஒன்றுமாகப் படமெடுங்கள்.

கட்டணம் செலுத்துமுன் மருத்துவரின் பதிவு எண்ணைச் சரிபாருங்கள்; செலுத்தியபின் ரசீது பெறுங்கள். மருந்துச்சீட்டில் பதிவு எண் இடம்பெறுவதும், கட்டணத்திற்கு ரசீது தருவதும் நெறிமுறைகள் விதிக்கும் கடமைகள். உங்கள் காப்பீட்டில் மருத்துவ ஆலோசனைச் செலவு அடங்குமாயின், தொலைமருத்துவத்திற்கும் அதைக் கோர வாய்ப்புண்டு. அப்போது ரசீது தேவைப்படும். முன்பதிவு என்ற பெயரில் எவரேனும் ஓடிபி அல்லது யுபிஐ ரகசிய எண்ணைக் கேட்டால் உடனே தொடர்பைத் துண்டியுங்கள். அரசின் இ-சஞ்சீவனி சேவையில் ஆலோசனைக்குக் கட்டணமே இல்லை.

“நேரில் வாருங்கள்” என்று மருத்துவர் கூறினால் அதனை அலைக்கழிப்பாகக் கருத வேண்டாம். படத்தில் காண இயலாத ஒன்றைத் தொட்டறிய வேண்டியிருப்பதாலேயே அவர் அழைக்கிறார். அந்தப் பயணத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.