ஸ்தோத்திர பலியும் நன்மை செய்தலும்
(எபிரெயர் 13:15, 16)

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆக்கியோன், தம் நீண்ட விளக்கத்தை முடிக்கும் தறுவாயில் இரு பலிகளைக் குறிப்பிடுகிறார். ஒன்று, உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திர பலி. மற்றது, நன்மை செய்வதும் உள்ளதைப் பகிர்வதுமாகிய பலி. நமது சபைகளிலோ முன்னது ஆராதனை ஒழுங்கிலும், பின்னது சமூகப்பணிக் குழுவின் அறிக்கையிலும் தனித்தனியே இடம்பெறுகின்றன. மேலும், துன்புறுகிறவர்களை நோக்கி, துதியுங்கள் என்று கூறும் உரிமை நமக்கு உண்டா என்னும் கேள்வியும் எழுகிறது. சாவு வீட்டில் ஜெபிக்க எழுந்து நிற்கும் போதகர் எவரும் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

1. வாசகர்களின் நிலை

இந்நிருபத்தைப் பெற்றவர்கள் இன்னலை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் நிந்தைக்கு உள்ளாகி, உடைமைகள் கொள்ளையிடப்படுவதையும் கண்டவர்கள் (10:32-34). இரத்தம் சிந்தும் அளவிற்கு இன்னும் சோதனை வரவில்லை (12:4). ஆயினும் சோர்வு மிகுந்து, சிலர் சபை கூடுவதையே விட்டுவிட்டனர் (10:25). ஆகவே, துதிக்கும்படியும் பகிரும்படியும் வந்த அழைப்பு வசதியுள்ளோருக்கு அன்று, இழந்தவர்களுக்கே கொடுக்கப்பட்டது.

2. பழைய ஏற்பாட்டுப் பின்னணி

ஸ்தோத்திர பலி என்பது ஆக்கியோன் புதிதாகப் படைத்த சொல்லன்று. எபிரெய மொழியில் 'தோதா' எனப்படும் இப்பலியின் முறைமை லேவியராகமம் 7:12-15இல் காணப்படுகிறது. அது சமாதான பலிகளில் ஒரு வகை. அதன் இறைச்சியை அன்றே உண்ணவேண்டும். விடியற்காலம் மட்டும் எதையும் வைத்தலாகாது. அப்பங்களும் இறைச்சியுமாக இருந்த அவ்வுணவை ஒருவர் தனித்து ஒரே நாளில் உண்டு தீர்ப்பது அரிது. எனவே நன்றி செலுத்தியவரின் பந்தி இயல்பாகவே பிறருக்கும் திறந்த பந்தியாயிற்று எனலாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 22ஆம் சங்கீதம். அது கைவிடப்பட்டவனின் ஓலமாகத் தொடங்குகிறது. சபை நடுவே துதியாக மாறுகிறது. பொருத்தனை செலுத்தப்படுகையில் எளியோர் உண்டு நிறைவடைகின்றனர் (22, 25, 26ஆம் வசனங்கள்). புலம்பல், துதி, எளியோரின் உணவு ஆகிய மூன்றும் ஒரே சங்கீதத்தில் இணைந்துள்ளன. நமது ஆக்கியோன் இச்சங்கீதத்தின் 22ஆம் வசனத்தை இயேசுவின் வாய்மொழியாகவே 2:12இல் எடுத்தாளுகிறார் என்பது கவனிக்கத்தக்கது.

3. 'எப்போதும்', 'அவர் மூலமாய்'

பழைய முறைமையில் இப்பலி பெரும்பாலும் விடுதலை கிடைத்தபின் செலுத்தப்பட்டது. நமது சபைகளில் பிறந்த நாளிலும், தேர்வில் வெற்றி பெற்றபோதும், நோய் நீங்கியபோதும் படைக்கப்படும் ஸ்தோத்திரக் காணிக்கை அதையே ஒத்தது. அது நல்ல வழக்கமே. ஆனால் ஆக்கியோன் 'எப்போதும்' என்கிறார். காரணம், பாளயத்திற்குப் புறம்பே பாடுபட்ட கிறிஸ்துவில் அடிப்படையான விடுதலை நிகழ்ந்துவிட்டது. நமது துதிக்கு அடிப்படை சூழ்நிலையன்று, அவரே.

தீமையையே நன்மையென்று கூறி நன்றி செலுத்துமாறு இது கட்டளையிடுகிறது என்று கொள்ளலாகாது. இயேசுவே பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் மன்றாடினார் என்று 5:7 கூறுகிறது. அம்மன்றாட்டைச் சுட்டவும் ஆக்கியோன் பலி செலுத்துதலுக்குரிய வினைச்சொல்லையே பயன்படுத்துகிறார். ஆகவே அழுகையும் கடவுளுக்குப் படைக்கப்படும் காணிக்கையே. அழுகிறவரை அடக்குவதற்குத் துதியைக் கருவியாக்கும் போதகர், அப்பிரதான ஆசாரியரை அறியாதவராகிறார்.

4. தானதர்மமா, பங்கேற்பா?

16ஆம் வசனத்தில் நமது பழைய மொழிபெயர்ப்பு 'தானதர்மம்' என்று வழங்கும் சொல் கிரேக்கத்தில் 'கொய்னோனியா' என்பதாகும். தானதர்மம் என்றவுடன், உள்ளவர் இல்லாதவருக்கு இறங்கி ஈவதே நம் நினைவுக்கு வருகிறது. கொய்னோனியாவோ ஐக்கியம், பங்கேற்பு. கொள்ளையிடப்பட்டவர்கள், சிறைப்பட்டவர்களோடு தாங்களும் சிறைப்பட்டவர்களைப்போல் எண்ணிப் பகிர்வது (13:3) மேலிருந்து கீழ் இறங்கும் ஈகையன்று. ஒரே பந்தியில் அமர்தல்.

ஆதித்திருச்சபை இதை அறிந்திருந்தது. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரத்தசாட்சி யுஸ்தீன் தம் முதலாம் தற்காப்புரையில் (67ஆம் அதிகாரம்) ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். நன்றிமன்றாட்டிற்குப்பின் அப்பமும் ரசமும் பகிரப்படுகின்றன. வராதவர்களுக்கு உதவிக்காரர் கொண்டுபோகின்றனர். மனமுவந்து கொடுக்கப்பட்டவை தலைமை தாங்குபவரிடம் சேர்க்கப்பட, அவர் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர், அந்நியர் ஆகியோரைப் பராமரிக்கிறார். துதியும் பகிர்வும் ஒரே ஆராதனையின் இரு கைகளாயிருந்தன.

5. போதகப் பணிக்கு

ஜெர்மானிய நாட்டு ஐலன்பர்க் நகரின் போதகர் மார்ட்டின் ரிங்கார்ட் (1586-1649) முப்பதாண்டுப் போரின் காலத்தில் பணியாற்றினார். 1637இல் கொள்ளைநோய் தாக்கியபோது அவர் ஆயிரக்கணக்கானோரை அடக்கம் செய்தார்; தம் மனைவியையும் அவ்வாண்டில் இழந்தார். தொடர்ந்து வந்த பஞ்சத்தில் தம் உணவைப் பசித்தோரோடு பகிர்ந்தார். உலகெங்கும் பாடப்படும் அவரது நன்றிப்பாடல் உணவு வேளைக்குரிய மன்றாட்டாக எழுதப்பட்டது என்பது பொருள் நிறைந்தது. அவரது துதியை நாம் நம்புவது, அவரது பந்தியில் பிறருக்கும் இடமிருந்ததாலேயே.

ஆகவே முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை இதுவே: வெளியில் நின்றுகொண்டு, துதியுங்கள் என்று ஏவும் உரிமை நமக்கில்லை. நிருபம் 'நாம் செலுத்துவோமாக' என்றே பேசுகிறது. அடக்கத்திற்குப்பின் வரும் மாதங்களில் அவ்வீட்டின் அடுப்பு எரிகிறதா, பிள்ளைகளின் படிப்பு தொடர்கிறதா என்று விசாரிக்கும் சபையே, அவ்வீட்டாரால் இன்னும் துதிக்க முடியாத நாள்களில் அவர்களுக்காகவும் அவர்களோடும் துதிக்கத் தகுதி பெறுகிறது. பாளயத்திற்குப் புறம்பே நிற்கிறவரிடம் செல்வோம். இவ்விரு பலிகளும் ஒரே பலியாவது அங்கேதான்.