பாலர் பள்ளிப் பிள்ளையின் வளர்ச்சிக் கதை: உரிமைகள், ஆபத்துகள், தீர்வுகள்

நான்கு முதல் ஆறு வயதுவரையுள்ள பிள்ளைக்குத் தன் கைக்குழந்தைப் பருவம் நினைவில் இருப்பதில்லை. மூன்று வயதுக்கு முன் நடந்தவற்றைப் பெரியவர்களாலும் பெரும்பாலும் நினைவுகூர முடியாது. ஆகவே, தான் எப்படி வளர்ந்தோம் என்பதைப் பிள்ளை பிறர் சொல்லியும் காட்டியும்தான் அறிய வேண்டும். மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாம் வட்டாரப் பாலர் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் இந்த வளர்ச்சிக் கதை எளிய, பயனுள்ள பாடம். ஆனால் பிள்ளையின் உடல், அடையாளம், குடும்பம் ஆகிய மூன்றையும் தொடும் பாடம் என்பதால் கவனமும் தேவை.

பாடத்தை நடத்தும் முறை

பிறந்த குழந்தை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளமும் 3 கிலோ எடையும் இருக்கும். நான்கு வயதில் உயரம் இரு மடங்காகவும் எடை ஐந்து மடங்காகவும் கூடிவிடுகிறது. எண்களைச் சொன்னால் பிள்ளைக்கு விளங்காது. பிறந்தபோதிருந்த நீளத்துக்கு ஒரு நாடாவையும் இன்றைய உயரத்துக்கு ஒரு நாடாவையும் வெட்டிக் கையில் கொடுத்தால் உடனே விளங்கும். பழைய சட்டை, சின்னக் கொலுசு, சேலைத் தொட்டில் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கலாம். பெயர் வைத்த நாள், முடியிறக்கிய கோயில், முதல் பல் முளைத்த கதை ஆகியவற்றைப் பாட்டி தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்லலாம். “அப்போது என்னால் முடியாதது, இப்போது முடிவது” என்று பிள்ளையே வரைந்து காட்டுவது பாடத்தின் நிறைவு.

பிள்ளைக்குரிய ஆவணங்கள்

இந்தக் கதைக்குச் சான்றாக இரண்டு ஆவணங்கள் உள்ளன. ஒன்று, பிறப்புப் பத்திரம். தீபகற்ப மலேசியாவில் பிறந்த 60 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிவு செய்ய வேண்டும். மற்றொன்று, அரசு சுகாதார கிளினிக் தரும் குழந்தை நலப் பதிவேடு. ஆறு வயதுவரையிலான எடை, உயரம், தடுப்பூசி விவரங்கள் அதில் பதிவாகின்றன. இவை பிள்ளைக்குரியவை. பெற்றோர் பிள்ளையின் சார்பில் காப்பவர்கள் மட்டுமே.

மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16ஆம் விதி, குழந்தையின் அந்தரங்கத்தையும் பாதுகாக்கிறது.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

முதலாவது, படங்கள். உடையின்றிக் குளிக்கும் குழந்தைப் படம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டால், அது யார் கைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறப்புப் பத்திரத்தின் படத்தில் அடையாள எண், பெற்றோர் பெயர், முகவரி எல்லாம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஒப்பீடு. எடை, உயரப் பட்டியலைச் சுவரில் ஒட்டினால் குள்ளமான பிள்ளையும் பருமனான பிள்ளையும் கேலிக்கு ஆளாவார்கள். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். வளர்ச்சி குன்றியதாகத் தோன்றினால் ஆசிரியை பெற்றோரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். கிளினிக்கில் பதிவேட்டின் வளர்ச்சிக் கோட்டைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர இயலும்.

மூன்றாவது, விலக்கப்படும் பிள்ளைகள். தத்தெடுக்கப்பட்டவர்கள், இல்லங்களில் வளர்பவர்கள், வெள்ளத்தில் படங்களை இழந்த குடும்பத்தார், பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் ஆகியோரிடம் “குழந்தைப் படம் கொண்டு வா” என்பது காயப்படுத்தும் கட்டளை. இன்றைய கை அச்சிலிருந்து பாடத்தைத் தொடங்கினால் எல்லாரும் பங்கேற்கலாம்.

தீர்வுகள்

படம் எடுக்கவும் பகிரவும் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலைப் பள்ளி முன்கூட்டியே பெறுவது நல்லது. கட்டணம் வாங்கும் தனியார் பாலர் பள்ளிகள் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரே ஒப்புதல் தர வேண்டும். கொடுத்த ஒப்புதலை எழுத்து மூலம் திரும்பப் பெறவும் முடியும். அரசாங்கத்துக்கு இச்சட்டம் பொருந்தாததால், அரசுப் பள்ளி குறித்த முறையீட்டைத் தலைமையாசிரியரிடமும் மாவட்டக் கல்வி அலுவலகத்திடமும் கொண்டு செல்ல வேண்டும்.

படம் பாலியல் நோக்கில் பயன்படுத்தப்பட்டால், அது 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றம். இணைப்பு முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு உடனே காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். அந்தப் படத்தை ஆதாரமென்று பிறருக்கு அனுப்பக் கூடாது.

பிறப்புப் பத்திரம் தொலைந்திருந்தால் தேசியப் பதிவிலாகாவில் நகல் பெறலாம். பதிவே செய்யாதிருந்தால், பிரசவமான மருத்துவமனைச் சான்றோடும் பெற்றோர் ஆவணங்களோடும் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதலாம் ஆண்டுக்குக் காத்திராமல் பாலர் பள்ளிப் பருவத்திலேயே இதைத் தொடங்கினால் பள்ளிச் சேர்க்கையில் சிக்கல் குறையும். பிள்ளை துன்புறுத்தப்படுவதாக ஐயம் எழுந்தால், 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.