கூண்டுக்கு வந்த புதுக் கிளி



கண்டி நகரின் கடைவீதியிலிருந்து வீடு திரும்பும் பேருந்துகளிலே, துளைகள் இட்ட சிறு அட்டைப்பெட்டி ஒன்றை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்தபடி அமர்ந்திருக்கும் சிறுவரைச் சில வேளைகளில் நீங்கள் கண்டிருக்கக்கூடும். அப்பெட்டியினுள்ளே பச்சையோ நீலமோ மஞ்சளோ ஆன ஒரு சிறு கிளி இருக்கும். சிறுவனுக்கு அன்று பெருமகிழ்ச்சி நாள். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் உயிருக்கோ, தான் பிறந்து வளர்ந்த கூட்டத்தை இழந்து, இருளிலும் குலுக்கலிலும் அகப்பட்ட அச்ச நாள். இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை எவ்வாறு கடப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிலே எந்தக் கிளியைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்ளவேண்டும். கண்டி வாவிக்கு மேலே, உடவத்தக்கெலே வனத்திலே, இலங்கைக்கே உரிய கிளியினங்கள் வாழ்கின்றன. சிங்கள மக்கள் 'அலு கிராவா', அதாவது சாம்பற் கிளி, என அழைக்கும் இனம் அவற்றுள் ஒன்று. இதனை 1849 ஆம் ஆண்டில் எட்வர்ட் பிளைத் என்னும் அறிஞர் விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். தலைகீழாகத் தொங்கியபடி உறங்கும் 'கிரா மலித்தா' என்னும் சின்னஞ்சிறு கிளி மற்றொன்று. இவை வேறு எந்த நாட்டிலும் இயற்கையாக வாழ்வதில்லை. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவல் இவற்றுக்கு உண்டு. மரப்பொந்திலிருந்து குஞ்சுகளை எடுத்துக் கொணர்ந்து எவரேனும் விற்க முன்வருவாராயின், எக்கிளியாயினும் வாங்காதீர்கள். வாங்குவோர் உள்ளவரை பொந்துகள் வெறுமையாகிக்கொண்டே இருக்கும்.

நம்மவர் 'லவ் பேர்ட்ஸ்' என வழங்கும் சிறு கிளியே இன்று நாம் பேசுவது. உண்மையிலே அப்பெயருக்குரிய பறவை ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். இதன் சரியான பெயர் பட்ஜெரிகார் என்பதாகும். அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலே, மழையையும் புல்விதையையும் தேடிப் பெருங்கூட்டங்களாக அலைந்து திரியும் பறவை இது. ஜோன் கூல்ட் என்னும் பறவையியலாளர் 1840 ஆம் ஆண்டில் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அன்று தொடக்கம் எண்ணற்ற தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பரம்பரை என்பதனால், இதனை வளர்ப்பதால் நம் காடுகளுக்கு இழப்பில்லை.

இதனைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு தவற்றினாலே கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்காக ஒரு நீலக் கிளி வாங்கி வந்தேன். வந்த அன்றே அயல் வீட்டுப் பிள்ளைகள் யாவரும் கூண்டைச் சூழ்ந்தனர். ஒருவர் பின் ஒருவராகக் கையை உள்ளே விட்டுத் தடவினோம். கிளி அசையாமல் இருந்தது. 'நல்ல சாதுவான கிளி' என மகிழ்ந்தோம். கிண்ணத்திலே தினை நிறைந்திருந்தமையால் உணவுக் குறைவு இல்லை எனவும் எண்ணினோம். நான்காம் நாட் காலையில் அது கூண்டின் தரையிலே இறந்து கிடந்தது. கிண்ணத்தைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்தபோதுதான், நிறைந்திருந்தது தினையன்று, வெறும் உமி என்பது தெரிந்தது. கிளி விதையை உடைத்துப் பருப்பைத் தின்று, உமியை அதே கிண்ணத்திலே விட்டுவிடுகின்றது. நிறைந்த கிண்ணத்தின் முன்னே எங்கள் கிளி பட்டினி கிடந்திருக்கின்றது.

அந்த 'சாது'த்தன்மையும் எங்கள் அறியாமையே. முப்பது முதல் நாற்பது கிராம் வரை நிறையுள்ள இப்பறவை, பருந்துக்கும் பாம்புக்கும் இரையாவது. தப்பியோட வழியில்லாதபோது அசையாதிருப்பதே அதன் இறுதித் தற்காப்பு. இறகுகளை உடலோடு இறுக்கி, மெலிந்து நிமிர்ந்து, கண் இமையாது நிற்கும் கிளி அமைதியாக இருக்கவில்லை, அஞ்சி நடுங்குகின்றது. இதனை உணராதவர் எம்முறையைக் கையாண்டாலும் கிளியைப் பழக்க இயலாது.

ஆதலால், வாங்கும்போதே இளங்குஞ்சாகத் தேர்ந்தெடுத்தல் நன்று. நெற்றியிலுள்ள கருங்கோடுகள் மூக்கின் மேற்பகுதிவரை இறங்கியிருப்பின், அது மூன்று நான்கு மாதங்களுக்குட்பட்டது எனப் பொதுவாகக் கொள்ளலாம். முதல் இறகுதிர்ப்பின் பின் இக்கோடுகள் மறைந்துவிடும். கண்கள் தெளிவாகவும், மூக்குத்துளைகள் உலர்ந்தும், பின்புறத்து இறகுகள் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும்.

கிளியைக் கொணர்வதற்கு முன்னரே கூண்டை ஆயத்தஞ் செய்யுங்கள். பறவை மேலும் கீழுமாகப் பறப்பதில்லை; பக்கவாட்டிலேயே பறக்கும். எனவே உயரத்தைவிட நீளம் கூடிய கூண்டே ஏற்றது. கம்பிகளின் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேற்படலாகாது; மேற்பட்டால் தலை சிக்கிக்கொள்ளும். கடையில் வரும் ஒரே பருமனான வழவழப்பான தடிகளுக்குப் பதிலாக, வளவிலுள்ள கொய்யா மரத்தின் கொம்புகளைக் கழுவி உலர்த்திப் பொருத்தினால், பருமன் மாறி மாறி வருவதனாற் பாதங்களுக்கு நலம். கூண்டின் ஒரு பக்கமேனும் சுவரோடு ஒட்டியிருக்கட்டும். நாற்புறமும் திறந்த வெளியாயின் ஆபத்து எப்பக்கமிருந்து வருமோ என்று அது ஓயாது அஞ்சும்.

கண்டி ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் அமைந்த நகரம் என்பதை மறக்கலாகாது. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் 18 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குவதுண்டு. நலமுள்ள கிளி அக்குளிரைத் தாங்கும். ஆயினும் புதிய கிளியை யன்னலருகே குளிர்காற்று வீசும் இடத்தில் வைத்தல் தவறு. இரவில் மூன்று பக்கங்களை மெல்லிய துணியால் மூடி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உறங்கவிடுங்கள். எசல பெரஹர நாள்களில் நகருக்குள் வசிப்போர் புதுக் கிளி வாங்காதிருத்தல் உத்தமம். மேளவொலியும் சவுக்கொலியும் சனநெரிசலும் நமக்குத் திருவிழா. வந்திறங்கிய கிளிக்கு அவை பேரச்சம்.

அடுக்களையில் கூண்டை ஒருபோதும் வைக்கலாகாது. பறவையின் சுவாசப்பைகளின் ஊடாகக் காற்று ஒரே திசையிற் சென்றுகொண்டே இருப்பதனால், நல்ல காற்றைப்போலவே நச்சுக்காற்றும் விரைந்து குருதியிற் கலக்கின்றது. பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில், நச்சுவாயுவை முன்னறிந்து கொள்வதற்காக 1986 ஆம் ஆண்டுவரை கனாரிப் பறவைகளை வைத்திருந்தமை இக்காரணம் பற்றியே. ஒட்டாத பூச்சுப் பூசிய தாச்சி அளவுக்கு மீறிச் சூடேறினால் எழும் வாயு, சில நிமிடங்களிலே கிளியைக் கொன்றுவிடும். நுளம்புச் சுருள், சாம்பிராணி, சிகரெட் ஆகியவற்றின் புகையும் தீயன.

இனி உணவு. தினை, சாமை, குரக்கன் முதலிய தானியங்கள் அடிப்படை. தினந்தோறும் உமியை அகற்றிப் புதிதாக இடுங்கள். தானியம் மட்டும் போதாது. நன்கு கழுவிய பொன்னாங்காணி, வல்லாரை, துருவிய கரட் ஆகியவற்றையும் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும். கணவாய் ஓட்டினைக் கம்பியிற் செருகிவைத்தால் சுண்ணாம்புச் சத்துக்கும் அலகு தீட்டுவதற்கும் உதவும். ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: கண்டிப் பகுதியில் பல வீட்டு வளவுகளிற் காய்க்கும் ஆனைக்கொய்யா நமக்கு நல்லுணவாயினும் கிளிக்கு நஞ்சு. சொக்கலேட்டும் தேநீரும் கோப்பியும் அவ்வாறே விலக்கப்படவேண்டியவை.

முதல் மூன்று நான்கு நாள்கள் கிளியைத் தொடவே வேண்டாம். உணவும் நீரும் வைத்துவிட்டு, கூண்டிலிருந்து சில அடி தூரத்திலே ஒரு கதிரையில் அமர்ந்து, பத்திரிகையைத் தாழ்ந்த குரலில் வாசியுங்கள். உற்று நோக்காதீர்கள், இரையை உற்று நோக்குவது வேட்டைப் பிராணியின் இயல்பு. உங்கள் முன்னிலையிலே அது உண்ணத் தொடங்குவதும், இறகுகளைக் கோதுவதும், ஒரு காலைத் தூக்கிக் கண்ணயர்வதும் நம்பிக்கையின் முதல் அடையாளங்கள்.

அதன் பின் கையைக் கூண்டின் வெளிப்புறத்திலே வைத்து அசையாது இருங்கள். கிளி விலகி ஓடாத நிலை வந்ததும், ஒரு தினைக்கதிரைப் பிடித்தபடி கையை மெல்ல உள்ளே கொண்டு செல்லுங்கள். கை மேலிருந்து வரலாகாது. பருந்து வருவது மேலிருந்தே. நெஞ்சுயரத்தில் பக்கவாட்டாக வரட்டும். கிளி பதறினால் கையை வெடுக்கென இழுக்காமல் அங்கேயே நிறுத்துங்கள். பதற்றம் தணிந்தபின் மெதுவாக எடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று வேளை போதும். கதிரைக் கொத்தி உண்ணும் நாள் ஒரு வாரத்திலும் வரலாம். ஒரு மாதமும் செல்லலாம்.

கதிரை அஞ்சாது உண்ணத் தொடங்கிய பின், சுட்டுவிரலைக் கால்களுக்குச் சற்று மேலே, வயிற்றின் மீது மென்மையாகப் பொருத்துங்கள். அது விரலில் ஏறினால் உடனே ஒரு சிறு மணித் தினை கொடுங்கள். கடித்தால் அடிக்கவோ அதட்டவோ வேண்டாம்; நாம் விரைந்துவிட்டோம் என்பதையே அது கூறுகின்றது. ஒரு படி பின்வாங்கி மீண்டும் தொடங்குவதே வழி. வெளியே விடும் நாளில் மின்விசிறியை நிறுத்தி, கதவுகளை அடைத்து, யன்னற் கண்ணாடிகளைத் திரையால் மறைத்துவிடுங்கள். கண்ணாடி என்பதை அறியாது மோதி இறக்கும் கிளிகள் பல.

நோயை இறுதிவரை மறைப்பதும் இப்பறவையின் இயல்பே. பலவீனத்தைக் காட்டும் பறவை காட்டிலே முதலில் இரையாகும். இறகுகளைச் சிலிர்த்துப் பந்துபோல் ஒடுங்குதல், தரையில் அமர்தல், மூச்சுக்கு மூச்சு வால் அசைதல் ஆகியவற்றைக் கண்டால் மறுநாள்வரை காத்திராதீர்கள். கண்டிவாசிகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியப் பீடத்தின் போதனா வைத்தியசாலை அருகிலேயே இருப்பது நற்பேறு. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சல் என்னும் நோயும் உண்டு. 1929, 1930 ஆம் ஆண்டுகளில் அது பல நாடுகளிற் பரவிற்று. எனவே எச்சத்தை உலர்ந்த நிலையிற் பெருக்காது, நீர் தெளித்துத் துடைத்துக் கைகளைக் கழுவுங்கள்.

பேசுமா என்பது பலருடைய வினா. ஆண் கிளிகள் எளிதிற் பேசும். கலிபோர்னியாவில் பக் என்னும் பட்ஜெரிகார் 1,728 சொற்கள் அறிந்திருந்ததாகச் சாதனை நூலிற் பதிவாகியுள்ளது. ஆனால் பேசாத கிளியும் நம்மை அறியும். தனித்த கிளிக்கு வீட்டாரே கூட்டம் என்பதனால், நாள் முழுவதும் ஆளில்லாத வீட்டிலே ஒன்றை மட்டும் வளர்த்தல் கொடுமையாகும். அத்தகையோர் இரண்டு வாங்குவதே முறை.

முதற் கிளி இறந்து ஓராண்டு கழித்து, மகளின் வேண்டுகோளுக்கு இணங்கி ஒரு பச்சைக் குஞ்சினை வாங்கினோம். இம்முறை அவளே ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதினாள்: 'இன்று என்னைப் பார்த்து உண்டது', 'இன்று கையைக் கண்டு ஓடவில்லை' என்று. ஆறாவது வாரத்தில் ஒரு நாட் காலை, நீட்டிய விரலை அக்கிளி நெடுநேரம் தலை சாய்த்துப் பார்த்தது. பின்பு ஒரு காலை வைத்தது. சற்றுத் தயங்கி மறு காலையும் வைத்தது. அவள் கொப்பியைத் தேடி ஓடவில்லை; மூச்சையும் அடக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். வெளியே காட்டுக் கிளிகள் கத்திக்கொண்டு பறந்தன. அவள் விரலிலிருந்தபடியே எங்கள் கிளி அவற்றுக்கு மறுமொழி சொல்லிற்று.